கழுத்து வரை பெட்ரோல்

என் அண்ணனின் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி ஒருவர் மோந்து பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கேட். மத்தியான ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்கள் உறுமிக்கொண்டு வரிசையாக நிற்க, டிபன் பாக்ஸும் கையுமாக ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி முன்னாள் ராணுவக்காரர், அண்ணனோடு தினமும் டீ குடிக்கிறவர். "கையக் காட்டுப்பா" என்று சொல்லும்போது அவர் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் காட்டினார். உள்ளங்கை, புறங்கை, அப்புறம் சட்டையின் கை. கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவர் மாதிரி அவ்வளவு பணிவாக நீட்டினார். செக்யூரிட்டி மோந்துவிட்டு, போனை எடுத்து மேலே யாரிடமோ, வாசம் இருக்கிறது சார் என்று சொன்னார். அண்ணனின் அந்தப் பணிவைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அப்போது பாகலூர் ரோட்டில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக். அந்தக் கம்பெனியின் கார்கள் எல்லாம் எங்களிடம்தான் வரும். அன்றைக்கும் ஒரு வண்டியைக் கொண்டுபோய் விடத்தான் அங்கே போயிருந்தேன். அண்ணன் அந்தக் கம்பெனி ஜெனரல் மேனேஜரின் டிரைவர். பெரிய சார் என்றுதான் அவரை எங்கள் வீட்டில் சொல்வோம். அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், ஓட்டலில் தோசை சொல்லி இட்லி வந்தால் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள். சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பார். அவர் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது பெரிய சாரின் சிபாரிசில். அதை அண்ணன் ஒரு நாளும் மறந்ததில்லை, எங்களையும் மறக்க விட்டதில்லை. பெரிய சார் பேச்சு வந்தாலே வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அந்த ஆள் என்னவோ அடுத்த அறையில் தூங்குகிற மாதிரி.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷங்களில் கர்நாடகத்தில் பெட்ரோல் விலை அதிகம், நம் பக்கம் குறைவு. ஜூஜூவாடியைத் தாண்டிவிட்டால் அத்திப்பள்ளி, அங்கிருந்து அவர்கள் விலை. அதனால் பெங்களூர் போகிற ஒவ்வொருவனும் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடைசி பங்க்கில் நின்று டேங்க்கை வயிறு முட்ட நிரப்பிக்கொண்டுதான் போவான். குழாய் தானாகவே 'டக்' என்று நின்றுவிடும், அதோடு போதும் என்று அர்த்தம். யார் கேட்டார்கள்? குழாயைத் தூக்கிப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அப்புறம் இடுப்பால் வண்டியை முட்டி முட்டி ஆட்டுவார்கள். உள்ளே இருக்கிற காற்று குமிழி விட்டு மேலே வரும், பெட்ரோல் கீழே இறங்கும், இன்னும் கொஞ்சம் ஊற்றலாம். கழுத்து வரைக்கும் வந்து பெட்ரோல் பளபளவென்று கண்ணுக்குத் தெரிந்தால்தான் மூடி போடுவது. பைக், கார், டாக்ஸி எல்லாம் இந்தக் கூத்துதான்.

பெரிய சாருக்கு வீடு பெங்களூரில். அவர் வாங்குகிற சம்பளத்துக்கு இந்த விலை வித்தியாசம் ஒரு பொருட்டா? ஆனால் அவருக்கு இது ஒரு விரதம் மாதிரி. நானே ஒரு தடவை அந்த வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பின்னால் ஏசி காற்றில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பங்க்கில் குழாய் பிடித்த தெலுங்குக்காரம்மா, "சாலு சார், சாலு", போதும் போதும் என்று கையை ஆட்டினார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே இந்த மகான் சொன்னார்: "இன்னும் புடிக்கும். ஆட்டு." அண்ணன் இறங்கிப் போய் ஆட்டினார். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் பொம்மை மாதிரி ஆடினோம்.

பெட்ரோல் டேங்க்கில் மேலே கொஞ்சம் இடம் விடுவது முட்டாள்தனத்தால் இல்லை. பெட்ரோல் சும்மா இருந்தாலே ஆவியாகும், வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கரித்துண்டு நிரப்பிய ஒரு டப்பாவுக்குப் போகும். கேனிஸ்டர் என்று பெயர், நாங்கள் கரி டப்பா என்போம். கரி அந்த ஆவியைக் குடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது முன்னால் ஒரு வால்வு திறந்து, இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். வாசமும் வராது, பெட்ரோலும் வீணாகாது. இந்த ஏற்பாடு முழுக்க ஆவிக்காகச் செய்தது. கழுத்து வரை ஊற்றி ஆட்டினால் ஆவி போகிற வழியில் பெட்ரோலே போகும். கரி ஊறும், உதிரும். உதிர்ந்த கரி வால்வில் போய் உட்கார்ந்தால் வால்வு மூடாது. அப்புறம் இன்ஜின் வேண்டியதற்கு மேல் குடிக்கும். கரி தாங்காத மிச்சம் டப்பாவின் மூச்சுத் துவாரம் வழியாக வெளியேறும்.

பெரிய சாரின் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. முதலில் டிக்கியில் வாசம். பிறகு பின் சீட்டில். சாரின் வீட்டம்மா தலை வலிக்கிறது என்று அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார். பெட்ரோல் போட்டு வந்த நாளில் வண்டி ஸ்டார்ட் ஆகவே தகராறு. மைலேஜ் விழுந்தது. பெரிய சார் இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்தார். பகல் முழுக்க வண்டி கம்பெனியில் நிற்கிறது, டிரைவர் சும்மா இருக்கிறான், பெட்ரோல் குறைகிறது, டிக்கியில் வாசம் அடிக்கிறது. அப்படியென்றால் டிரைவர் உறிஞ்சி விற்கிறான். இவ்வளவுதான் அந்தப் பெரிய மூளைக்கு எட்டியது. தினமும் கேட்டில் அவன் கையை மோந்து பார் என்று உத்தரவு போட்டார்.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? எங்கேயாவது ஒழுகுகிறதா என்று தினமும் மத்தியானம் வண்டிக்கு அடியில் படுத்து, கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். அந்தக் கையைத்தான் கேட்டில் நீட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இதே வேலையில்தான் இருக்கிறேன், இதே ஊரில்தான் இருக்கிறேன். கேட்டால், உனக்கு எதுக்குடா தொந்தரவு என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே ஏதாவது ஏடாகூடமாகப் பேசியிருப்பேன். அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் எங்கள் ஒர்க்‌ஷாப் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, இலவசச் செக்கப் என்று சொல்லி அந்த வண்டியை வரவழைத்தேன். வீட்டம்மாவின் தலைவலியால் பெரிய சாரும் சரி என்றார். ஏற்கெனவே ஒரு தடவை வாசம் என்று வந்தபோது எங்கள் ஆட்கள் மூடியை இறுக்கி, மூடி சரியாக மூடவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூடியின் ரப்பரைப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. முன்னாலிருந்து ஆரம்பித்தேன். வால்வைக் கழற்றி, ஒயர் இல்லாமல் வாய் வைத்து ஊதினேன். கரண்ட் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும், ஊதினால் காற்று போகக் கூடாது. தாராளமாகப் போனது. உள்ளங்கையில் தட்டினேன், மிளகுப்பொடி மாதிரி கறுப்பாக விழுந்தது. வாய் முழுக்கப் பெட்ரோல் கசப்பு. அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது போதாது, காட்ட வேண்டும்.

பெட்ரோலை இறக்கினேன். டப்பாவின் மூச்சுத் துவாரத்தை அடைத்துவிட்டு, கைப்பம்பால் குழாய்க்குள் மெதுவாகக் காற்று ஏற்றினேன். மீட்டர் முள் நிற்காமல் இறங்கியது. எங்கோ போகிறது. ஒரு மெல்லிய டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை ஒவ்வொரு குழாயாக ஓட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் தட்டுகிற சத்தம், தண்ணீர் அடிக்கிற சத்தம், ரோட்டில் லாரிகள். எல்லாரையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். டேங்க்கின் முதுகுக்கு மேலே, கை போகாத இடத்தில் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். ஜாக்கி கொடுத்து டேங்க்கை இறக்கினேன். வளைவில் கிளிப்புக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய் பெட்ரோலிலேயே ஊறி உப்பி வெடித்திருந்தது. அண்ணன் அடியில் படுத்து எத்தனை தடவினாலும் அது கையில் பட்டிருக்காது. கடைசியாகக் கரி டப்பாவைக் கழற்றினேன். ஒரு கையால் விளையாட்டாகத் தூக்குகிற சாமான் அது. தண்ணீர்க் குடம் மாதிரி கனத்தது. சாய்த்தேன். கறுப்பாகப் பெட்ரோல் கொட்டியது. ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். கன்னடக்கார பெயிண்டர் ஒருவர் என் முதுகில் தட்டினார்.

சாப்பிடக்கூட இல்லை. மிச்சப் பெட்ரோலோடு டப்பாவை ஒரு பக்கெட்டில் வைத்து, வெடித்த குழாயையும் போட்டு, பைக்கில் கம்பெனிக்கு ஓடினேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த ஆள் அண்ணனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதே கேட்டில், அதே ஷிப்ட் நேரத்தில். அதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று இருந்தேன்.

அண்ணன் கம்பெனி ஆபீஸ் வாசலில் பெரிய சாருக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கெட்டை இறக்கி, டப்பாவைச் சாய்த்து, சிமென்ட் தரையில் அந்தக் கறுப்புப் பெட்ரோலை ஊற்றிக் காட்டினேன். குழாய் எங்கே வெடித்திருந்தது, பெட்ரோல் எப்படிப் போனது, கழுத்து வரை ஊற்றி ஆட்டினால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய சார் பொறுமையாகக் கேட்டார். செருப்பில் படாமல் ஓரடி நகர்ந்துகொண்டார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஓகே, இது ஒரு லீக். ஆனா அது வேற, இது வேற. உங்க அண்ணன்தான் காலையிலேயே ஒத்துக்கிட்டாரே."

நான் அண்ணனைப் பார்த்தேன். பெரிய சாரும் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க சார்" என்றார் அண்ணன்.

நான் வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மேலே ஒரு அறையில் அட்மின் ஆபீசர் அண்ணனை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். ஒத்துக்கொண்டால் சார் மன்னித்துவிடுவார், வேலையும் போகாது, பிள்ளை படிப்பும் போகாது. இல்லை என்று சாதித்தால் போலீஸ். அண்ணன் யோசிக்கவே இல்லையாம். செய்யாத திருட்டை, தோசைக்குப் பதிலாக வந்த இட்லி மாதிரி வாங்கிக்கொண்டார். என் கையில் அத்தாட்சி இருக்கிறது, தரையில் ஊற்றி நாறிக்கொண்டிருக்கிறது, அப்போதாவது வாயைத் திறக்க வேண்டாமா? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

அன்று சாயங்காலம் வீட்டில் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. பாப்பா, அதாவது அண்ணன் மகள், அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். டியூஷன் போயிருந்தாள். அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நீ மனுஷனா, உனக்கு ரோஷம் இருக்கிறதா, நாளைக்கு உன் மகளை என்னவென்று சொல்வார்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் ஆத்திரம் அடங்கும்வரை காத்திருந்தார். அப்புறம் சொன்னார்: "டேய், நான் எடுக்கலன்னு சொன்னா சார் சொன்னது பொய்யின்னு ஆவும். எடுத்தன்னு சொன்னா எனக்கு மட்டுந்தான அசிங்கம். முடிஞ்சி போச்சி, விடு."

முடியவில்லை. புதுக் கரி டப்பாவையும் வால்வையும் குழாயையும் என் கையால்தான் மாட்டினேன். 'டக்' என்றதும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று பெரிய சாரிடம் நேராகவே சொன்னேன். தலையை ஆட்டினார். அந்த வாரமே எல்லை பங்க்கில் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தேன். பின்னால் பேப்பர் விரிந்திருந்தது. அண்ணன் இடுப்பால் முட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் மெதுவாக ஆட்டினார், நிறுத்தவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அதே வாசத்தோடு அந்த வண்டி மறுபடியும் வந்தது, அதே டப்பா, அதே கறுப்புப் பெட்ரோல். இந்தத் தடவை யாரும் யார் கையையும் மோந்து பார்க்கவில்லை. பில் போட்டோம், கம்பெனி கட்டியது.

இதோடு போயிருந்தால்கூட நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சில வருஷம் கழித்துப் பெரிய சார் ரிட்டயர் ஆனார். ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வழியனுப்பு விழா, டிரைவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று சாரே சொன்னாராம். அண்ணி பட்டுப்புடவை கட்டியிருந்தார். பாப்பா காலேஜில் சேர்ந்திருந்த வருஷம். நான் வரமாட்டேன் என்றேன், அண்ணன் கெஞ்சினார், போனேன். சாப்பாட்டுக்கு முன்னால் பெரிய சார் மைக்கைப் பிடித்து, தொழிலாளிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு பிரசங்கம் வைத்தார். தண்டனை மனிதனைத் திருத்தாது, மன்னிப்புத்தான் திருத்தும் என்றார். அதற்கு ஒரு உதாரணமும் சொன்னார். என்னிடம் ஒரு டிரைவர் இருந்தார், பெட்ரோல் திருடினார், ஒத்துக்கொண்டார், நான் மன்னித்தேன், அதற்குப் பிறகு அவரைப் போல நாணயமான ஆளை நான் பார்த்ததில்லை, இதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் வேண்டாம் என்றார். பெயர் எதற்கு? முன் வரிசை மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. அப்புறம் கைதட்டல். மண்டபமே அதிர்ந்தது.

அண்ணனும் தட்டினார். எனக்கும் அவருக்கும் நடுவில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அந்த மைக்கைப் பிடுங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும். அண்ணன் தட்டுகிற அந்தக் கைதட்டலுக்கு நடுவில் எழுந்து நான் யாருக்காகப் பேசுவது? அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய சார் மேல் இருப்பது ஒரு பங்கு என்றால், அண்ணன் மேல் இருப்பது மூன்று பங்கு.

மறுநாள் பாப்பா காலேஜ் முடிந்து நேராக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு பழைய கரி டப்பாவைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பங்க், ஆட்டியது, வெடித்த குழாய், அட்மின் அறை, ஒன்று விடவில்லை. உங்கப்பா ஒரு சொட்டு எடுக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அப்பா எதுக்கு சித்தப்பா கை தட்டுனாரு?" என்றாள். உங்கப்பாவையே கேள் என்றேன்.

அவள் கேட்கவில்லை. படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, கேட்கவில்லை. அண்ணன் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார், ஒரே வீட்டில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுகிறோம், யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பெரிய சாருக்கு அண்ணன் இன்னமும் பொங்கலுக்கு போன் செய்கிறார். அந்தப் பக்கம் எடுத்தால் எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவார்.

போன மாதம் பாப்பா சொந்தமாக வாங்கிய காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், கண்ணாடியைத் துடைத்தார். அவள் கிளம்ப ஆயத்தமாகும்போது, "சாவியக் குடு பாப்பா, பெட்ரோல் போட்டுட்டு வந்துர்றன்" என்று கையை நீட்டினார்.

"வேணாம்ப்பா, நானே போட்டுக்கறன்" என்றாள் அவள். யோசித்துச் சொன்னதில்லை, சட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அப்பாவை வேலை வாங்க வேண்டாமே என்றுகூட அவள் நினைத்திருக்கலாம். என்னம்மா இப்படிச் சொல்கிறாய் என்று அண்ணன் ஒரு வார்த்தை கோபப்பட்டிருந்தால் போதும், அவள் அழுது, எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

"சரி பாப்பா" என்றார் அண்ணன்.